ஒரு எழுத்துகூட விடாம

அந்த நாற்காலி ஆடும் அண்ணாச்சி, இதுல உக்காருங்க. ஆபரேஷன் தியேட்டர் கதவும் இங்கருந்துதான் நேராத் தெரியும். எங்க வீட்டம்மாவ ஏழு மணிக்கு உள்ள கொண்டு போனாங்க. இப்ப மணி பத்தேகால். போயிக் கேட்டா, "முடிஞ்சதும் கூப்பிடுவோம் சார்"ங்கா அந்த நர்சுப் பொண்ணு. அஞ்சு தடவ கேட்டாச்சு, அஞ்சு தடவையும் அதே பதிலு. கர்ப்பப்பையில கட்டி. எடுத்துத்தான் ஆகணும்னுட்டாங்க.

அது நல்லபடியா முடிஞ்சிரும். நான் இப்பக் கொதிச்சுப் போயி உக்காந்திருக்கது அதுக்காக இல்ல. ஞாயித்துக்கிழமை இதே மதுரையில, ஒரு கல்யாண மண்டபத்துல வச்சு, நூத்தி நாப்பது பேருக்கு முன்னால என் மானத்த வாங்கிட்டாங்க. அத யாருட்டயாவது சொல்லணும். அந்தா தூணோரமா பச்சச் சேலையில தலையச் சாச்சுத் தூங்குதாள்லா, அவ என் கொழுந்தியா, ஆவுடைத்தங்கம். அவட்ட சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிடுதா. மகன் கப்பல் வேலையில நடுக்கடல்ல கெடக்கான். நீங்கதான் அகப்பட்டீங்க.

எனக்கு கோவில்பட்டி. பேரு உலகநாதன். நூற்பாலையில எலக்ட்ரிகல் சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஆனா அது சோத்துக்கு. நான் ஹாம். ஹாம் ரேடியோ கேள்விப்பட்டிருக்கீங்களா? எஃப்எம்ல பாட்டுக் கேக்கது இல்ல. சர்க்கார் பரீட்சை வைக்கும், பாஸ் பண்ணுனா லைசென்ஸ் குடுக்கும். மொட்டமாடியில கம்பியக் கட்டி, வீட்டுல உக்காந்தபடிக்கே சிலி, ஜப்பான், கென்யான்னு எவனோட வேணும்னாலும் பேசலாம். செல்போன் டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். எனக்கு இருவத்தி நாலு வருசமா லைசென்ஸ் இருக்கு.

இதுல ரெண்டு ரகம் ஆளுங்க உண்டு, பாத்துக்கிடுங்க. முதல் ரகம் மைக்கப் பிடிச்சுப் பேசுறவன். "என்ன சார், சாப்பிட்டாச்சா? அங்க வெயிலா? இங்கயும் வெயில்தான் சார்." தெனமும் காலையில ஏழர மணிக்கு இந்த ஒப்பாரி. இதுக்கு எதுக்குய்யா லைசென்ஸு? டீக்கடை பெஞ்சு போதாதா?

ரெண்டாவது ரகம் இப்ப புதுசா மொளச்சிருக்கான். எஃப்டி எய்ட்னு ஒரு முறை. கம்ப்யூட்டரையும் ரேடியோவையும் இணைச்சு விட்டுட்டா அதுகளாப் பேசிக்கிடும். பதினஞ்சு செகண்டு இது ஊளையிடும், பதினஞ்சு செகண்டு அது ஊளையிடும். என் பேரு இது, என் எடம் இது, உன் சத்தம் எனக்கு இவ்வளவு கேக்கு, போயிட்டு வாரேன். முடிஞ்சது. இவன் பக்கத்துல உக்காந்து பல்லக் குத்திக்கிட்டு இருப்பான். கேட்டா, "இருநூறு நாட்டோட பேசிட்டேன் அண்ணே"ம்பான். நீ எங்கடே பேசுன? ஒன் மிஷின்லா பேசிச்சு! அவனுக்கு அந்தப் பக்கம் இருக்கவன் உசுரோட இருக்கானா இல்லையான்னுகூடத் தெரியாது.

நான் இந்த ரெண்டு ரகமும் இல்ல. நான் கீபோர்டுக்காரன். நான் இங்க ஒரு எழுத்தத் தட்டுனா அந்த எழுத்து அடுத்த ஊரு ஆளோட திரையில விழும். அடுத்த எழுத்தத் தட்டுனா அடுத்த எழுத்து. ரேடியோவுல கேட்டா விசில் அடிக்கிற மாதிரி ஒரு மெல்லிசுச் சத்தம்தான் இருக்கும். எழுத்து பூரா அதுக்குள்ள இருக்கு. இரைச்சலுக்கு அடியில போயி மாட்டிக்கிட்ட சிக்னலா இருந்தாலும், நம்ம காதுக்கு ஒண்ணுமே பிடிபடாட்டாலும், கம்ப்யூட்டர் தோண்டி எடுத்துரும். மனுசன் மனுசன்ட்ட எழுத்தால பேசுறது. வருங்காலமே இதுலதான்னு பதினோரு வருசமா தொண்டை வறளச் சொல்லிக்கிட்டு இருக்கேன். எவன் கேக்கான்?

இதுல ஒரு முறை இருக்கு. ஒருத்தர் தட்டும்போது மத்தவர் சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும். நடுவுல நாம தட்டுனா அவருக்கு விழாது, அவரு அனுப்பிக்கிட்டுல்லா இருக்காரு? அவரா "முடிச்சிட்டேன், நீங்க சொல்லுங்க"ன்னு போட்டாத்தான் நம்ம முறை வரும். ஒழுக்கம்னா அது ஒழுக்கம். மைக்ல பேசுறவனுக்கு அதெல்லாம் தெரியுமா?

மதுரையில கிருபாகரன்னு ஒரு பல் டாக்டரு. அவருதான் இப்ப ஹாம் சங்கத்துத் தலைவரு. பல்லப் பிடுங்குற ஆளுக்கு ரேடியோ என்னத்துக்குன்னு நான் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க. அவரு மே மாசம் போன் பண்ணி, "அண்ணாச்சி, ஆகஸ்ட்ல நம்ம வருசாந்திரக் கூட்டம். டிஜிட்டல் டேட்டா முறைகள் இன்றும் நாளையும்னு ஒரு தலைப்பு. உங்களை விட்டா ஆள் இல்ல"ன்னாரு. அது வாஸ்தவந்தான. நாப்பது நிமிசம் குடுத்தாரு. மூணு மாசம் உக்காந்து அறுவத்திரண்டு ஸ்லைடு தயார் பண்ணுனேன். ராப்பகல்னு பாக்கல. ஹெட்போன் காத விட்டு எறங்கல.

வெறும் பேச்சுப் பேசுனா ஆச்சா? நேரடியாச் செஞ்சு காட்டணும்லா. மண்டபத்துல நான் ஒரு ரேடியோ வைக்கணும், கோவில்பட்டியில எங்க வீட்டு ரேடியோவுல ஒரு ஆளு உக்காரணும், அங்க தட்டுறது இங்க பெரிய திரையில எழுத்தெழுத்தா விழணும். அந்தப் பக்கம் உக்கார ஆளு? லைசென்ஸ் இல்லாதவன் தொடக்கூடாது. அதுக்குத்தான் மூணு வருசம் முன்னாலேயே எங்க வீட்டுலயே ஒரு லைசென்ஸ் எடுத்து வச்சிட்டேன். எங்க வீட்டம்மா செண்பகவல்லிக்கு. நான்தான் புஸ்தகம் வாங்கிக் குடுத்து, பணம் கட்டி, பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போனேன். பாஸ் பண்ணிட்டா. மார்க்கு என்னைய விட பதினொண்ணு கூட. அந்த வருசம் பேப்பர் லேசு. லைசென்ஸ் வாங்குனதோட சரி, ரேடியோ பக்கம் வந்ததே கெடையாது. வந்தா நான் எந்திரிச்சு எடம் குடுக்கணும்லா, எனக்கு எங்க நேரம்?

கல்யாணத்துக்கு முன்னால அவ டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தா. அந்தப் பழக்கம் கையில இருக்கு. அதனால சொன்னேன், "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நான் கூப்பிடுவேன். இந்தா, இந்தப் பேப்பர்ல மூணு வரி எழுதியிருக்கேன். அத அப்படியே தட்டு. மூளைய உபயோகிக்காத."

சரின்னு தலைய ஆட்டுனா. அதுக்கப்புறம் என்னமோ சொல்ல வந்தா. நான் பிரிண்ட் எடுத்துக்கிட்டு இருந்தேன். "கூட்டம் முடியட்டும்"னேன். அவ்வளவுதான் நடந்துச்சு. அதுக்குப் போயி...

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வாரேன்.

மண்டபத்துல எனக்கு முன்னால பேசுன ஆளு அந்த மைக் கோஷ்டி. அவன் வெள்ள காலத்துல மைக்ல பேசி ஊரக் காப்பாத்துன கதைய ஒரு மணி நேரம் இழுத்தான். என் நாப்பது நிமிசம் இருவது நிமிசமாப் போச்சு. பிரியாணி வாசன வேற வர ஆரம்பிச்சிட்டு, எல்லாவனும் திரும்பித் திரும்பிப் பாக்கான். மேடையில சீரியல் பல்பு மாலை போட்டிருந்தாங்க. அது ரேடியோவுல கர்ருன்னு எரையும். அத அணைக்கச் சொன்னேன். பல் டாக்டருக்கு மூஞ்சி சுருங்கிட்டு. சுருங்கட்டும்.

பேசுனேன். எஃப்டி எய்ட் கோஷ்டியக் கிழிச்சேன். "மிஷினும் மிஷினும் பேசி என்னய்யா ஆகப் போகுது? அந்தப் பக்கம் ஒரு மனுசன் இருக்கான்னு தெரிய வேண்டாமா? எதிர்காலம் கீபோர்டுலதான். எவ்வளவு மெலிஞ்ச சிக்னலா இருந்தாலும் விடாமப் பிடிக்கிறது, எதிராளி சொல்லி முடிக்கிறவரைக்கும் காத்திருக்கிறது, இதுதான் கலை"ன்னேன். நல்லாப் பேசுனேன். அதக் கைதட்ட ஒருத்தனுக்கும் மனசில்ல.

சொன்னதுக்குப் பத்து நிமிசம் பிந்தி, பதினோரு மணி பத்துக்குக் கூப்பிட்டேன். விசில் சத்தம் வந்துச்சு. திரையில எழுத்து விழ ஆரம்பிச்சிச்சு. தமிழத்தான் இங்கிலீஷ் எழுத்துல தட்டுவோம். "வணக்கம். இது கோவில்பட்டி நிலையம். உங்கள் சிக்னல் மிக நன்றாக வருகிறது. இங்கே வெப்பநிலை முப்பத்தி நான்கு." நான் எழுதிக் குடுத்தபடியே, ஒரு புள்ளி மாறல. அப்பக் கைதட்டுனாங்க. அவ இப்ப "முடிச்சிட்டேன்"னு போடணும்.

போடல.

"இன்னும் ஒண்ணு சொல்லணும்"னு விழுந்துச்சு.

நான் மேடையில நின்னுக்கிட்டு, "பாருங்க, எங்க வீட்டம்மாதான் அனுப்புறாங்க, ஆர்வம் அதிகம்"னு சிரிச்சேன். கூட்டமும் சிரிச்சது. அடுத்த வரி வந்துச்சு.

"செவ்வாய்க்கிழமை காலையில எனக்கு ஆபரேஷன். கர்ப்பப்பை எடுக்கப் போறாங்க. உங்ககிட்ட மூணு தடவை சொன்னேன்."

அண்ணாச்சி, எழுத்தெழுத்தா வருது. பன்னெண்டு அடித் திரை. நூத்தி நாப்பது பேரும் கூட்டி வாசிக்கான். நான் என்ன செய்ய? கீபோர்டத் தட்டுனேன், "நிறுத்து"ன்னு. அவளுக்கு எப்படி விழும்? அவ அனுப்பிக்கிட்டுல்லா இருக்கா. செல்போன எடுத்துக் கூப்பிட்டேன். மணி அடிக்கி, எடுக்கல.

"முதல் தடவை ஜூன் மாசம். ஹெட்போன் போட்டிருந்தீங்க. தலைய ஆட்டுனீங்க. ரெண்டாவது தடவை, இரு இப்பத்தான் சிலி வருதுன்னு சொன்னீங்க. மூணாவது தடவை கூட்டம் முடியட்டும்னு சொன்னீங்க."

ஒருத்தனும் சிரிக்கல இப்ப. எனக்கு என்ன செய்யன்னு புரியல. மேடையில நிக்கேன், சும்மா நிக்க முடியுமா? தலைப்பு இருக்குல்லா. சொன்னேன், "பாருங்க, இவ்வளவு இரைச்சலுக்கு நடுவுலயும் ஒரு எழுத்துகூடப் பிழையில்ல. முழுசா வருது. இதுதான் இந்த முறையோட பலம்."

"ரத்தப்போக்கு நிக்கல. கட்டியச் சோதனைக்கு அனுப்பணும்னு டாக்டர் சொல்றாங்க. எனக்கு"

அதோட நின்னுட்டு. எழுத்து வரல. ஆனா விசில் சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. அரை நிமிசம் இருக்கும். நான் குச்சிய வச்சுக் காட்டி விளக்குனேன், "எழுத்து வராட்டாலும் தொடர்பு அறுந்து போகல, கவனியுங்க. அந்தப் பக்கம் ஆளு இருக்காங்கன்னு அர்த்தம்." பல் டாக்டரு எந்திரிச்சு என்னையப் பாத்து, "அண்ணாச்சி, போதும்"ன்னாரு. என் நேரம் இன்னும் ஏழு நிமிசம் இருந்துச்சு. எப்படிப் போதும்?

அப்புறம் வந்துச்சு. "பயமா இருக்கு."

ஸ்பெல்லிங் தப்பாத் தட்டிட்டு, அழிச்சிட்டு, திரும்பத் தட்டுனா. ஹையர் பாஸ் பண்ணவ. அந்த ரெண்டு வார்த்தைக்கு மட்டும் தப்பு.

"இருவத்தொம்பது வருசத்துல நான் பேசி முடிக்கிறவரைக்கும் நீங்க கேட்டது இல்ல. இதுல நடுவுல பேச முடியாதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அதனால இங்க சொல்றேன். நான் ஆவுடை வீட்டுக்குப் போறேன். மாவு ஃப்ரிஜ்ல இருக்கு. கேஸ மூடிட்டேன். முடிச்சிட்டேன்."

முறைப்படி ரெண்டு பேரு நிலைய அடையாளத்தையும் போட்டுட்டு, அணைச்சிட்டா.

கேட்டீங்களா? வீட்டு விசயத்த, பொம்பள விசயத்த, ஆகாசத்துல விட்டிருக்கா. அந்த அலைவரிசையில எவன் எவன் இருந்தான்னு யாருக்குத் தெரியும்? இருந்தான் ஒருத்தன்! அவ அணைச்சு அஞ்சு செகண்டு இல்ல, திரையில வேற ஒருத்தன் எழுத்து விழுது. பேச்சப் பாத்தாலே தெரியுது, யாழ்ப்பாணத்துக்காரரு. "அக்கா, பயப்பிடாதேங்கோ. நாங்கள் எல்லாரும் இருக்கிறம். சுகமாய் வருவீங்கள்." முதல்ல தன் நிலைய அடையாளத்தச் சொல்லணுமா வேண்டாமா? அடுத்தவன் உரையாடலுக்குள்ள இப்படியா நுழையுறது? அடிப்படை ஒழுக்கம் தெரியல. மண்டபத்துல என்னடான்னா அதுக்குக் கைதட்டுதாங்க. எந்திரிச்சு நின்னு தட்டுதாங்க. மூணு மாசம் உழைச்சது நான்.

ஆறு ஸ்லைடு பாக்கி இருந்துச்சு. பேசி முடிச்சிட்டுத்தான் எறங்குனேன்.

நீங்களும் அப்படிப் பாக்காதீங்க அண்ணாச்சி. ஒத்துக்கிட்ட வேலைய முடிக்கணும்லா. கடைசியில கேள்வி நேரம். முதல் கேள்வி, அந்த மைக் கோஷ்டி ஆளு எந்திரிச்சுக் கேக்கான், "அண்ணாச்சி, எந்த ஆஸ்பத்திரி?" நான் சொன்னேன், "கேள்வி தலைப்புக்கு உட்பட்டதா இருக்கணும்." ரெண்டாவது கேள்வின்னு ஒண்ணு வரவே இல்ல. பிரியாணிக்கு நான் உக்காரல. யாரும் உக்காரச் சொல்லவும் இல்ல.

சாயங்காலம் கோவில்பட்டிக்குப் போயிச் சேந்தேன். வீடு பூட்டிக் கெடக்கு. ரேடியோ மேல துண்டப் போட்டு மூடியிருக்கா. எந்த நேரம், எந்த அலைவரிசை, யாரோட பேசுனோம்னு பதிவேட்டுல எழுதணும்லா, அதையும் அழகா எழுதி வச்சிருக்கா. நானே ஒழுங்கா எழுதுறது இல்ல. ஒரே ஒரு தப்பு கண்டுபிடிச்சேன். பவர் இருவத்தஞ்சு வாட்டு, இவ இருவதுன்னு போட்டிருக்கா. மாவு ஃப்ரிஜ்ல இருந்துச்சு. நான் தோசை ஊத்தல. வெயில்ல அலைஞ்சது, பசி இல்ல.

எந்த ஆஸ்பத்திரின்னு எனக்கு எப்படித் தெரியும்? கொழுந்தியாளுக்குப் போன் பண்ணுனா எடுக்கல. சகலைக்குப் பண்ணுனா, "நீங்க நிம்மதியா இருங்க அண்ணே"ன்னுட்டு வச்சிட்டான். பேச்சப் பாத்தீங்களா, நிம்மதியா இருக்கணுமாம். திங்கக்கிழமை காலையில போன் வருது. யாரு? பல் டாக்டரு. "அண்ணாச்சி, உங்க வீட்டுல எந்த ஆஸ்பத்திரின்னு விசாரிச்சிட்டோம். எழுதிக்கிடுங்க"ன்னு விலாசம் சொல்லுதான். எம் பொண்டாட்டி எங்க இருக்கான்னு ஊரான் எனக்குச் சொல்லுதான்! "அக்காவுக்கு ரத்தம் ரொம்பக் கொறைவா இருக்காம், ரெண்டு யூனிட் கேட்டாங்க, நம்ம ஆளுங்க ரெண்டு பேரு குடுத்துட்டாங்க, நீங்க கவலப்படாம வாங்க"ங்கான்.

ரெண்டு பேரு யாருன்னா, ஒருத்தன் அந்த "சாப்பிட்டாச்சா" ஆளு. இன்னொருத்தன் பல்லக் குத்திக்கிட்டு இருநூறு நாட்டோட பேசுனவன். யாரு கேட்டா இவங்கள? எனக்கும் ஓ பாசிட்டிவ்தான். அவளுக்கும் அதேதாங்கிறது நேத்துதான் தெரியும். நான் குடுக்கேன்னு போயி நின்னேன். பிரஷர் மாத்திரை, வயசுன்னு ஏதேதோ சொல்லி வேண்டாம்னுட்டாங்க. வந்த வேகத்துல எனக்கே பிரஷர் ஏறிக் கெடந்துச்சு போல.

நேத்து சாயங்காலம் வார்டுல போயிப் பாத்தேன். ஜன்னலோரக் கட்டில். கையில ஊசி குத்தி, ரத்தம் ஏறிக்கிட்டு இருக்கு. எந்தப் பயலோட ரத்தமோ. மெலிஞ்சு போயிருந்தா அண்ணாச்சி. கழுத்தெலும்பு தெரியுது. இது எப்ப இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியல. வீட்டுல தெனம் கண்ணு முன்னாலதான நடமாடிக்கிட்டு இருந்தா.

கேக்க வேண்டியத வரும்போதே பஸ்ல வரிசையா யோசிச்சு வச்சிருந்தேன். ஏண்டி இப்படிப் பண்ணுன, ஒரு சீட்டுல எழுதி வச்சா ஆகாதா, நூத்தி நாப்பது பேரு முன்னாலயா. அவளப் பாத்ததும், "பவர் இருவத்தஞ்சு வாட்டு. நீ இருவதுன்னு எழுதியிருக்க"ன்னுதான் வாயில வந்துச்சு.

அவ சிரிச்சிட்டா. வயித்தப் பிடிச்சுக்கிட்டு, வலிக்க வலிக்கச் சிரிக்கா. கண்ணுல தண்ணி வந்துட்டு. பக்கத்துக் கட்டில் அம்மா எந்திரிச்சு உக்காந்து பாக்கா. சிரிச்சு முடிச்சிட்டு மெதுவா ஒண்ணு கேட்டா.

"எல்லா எழுத்தும் வந்துச்சா?"

"வந்துச்சு. ஒண்ணுகூட விடல"ன்னேன்.

"அப்பச் சரி"ன்னுட்டு கண்ண மூடிக்கிட்டா.

பார்வையாளர் நேரம் முடிஞ்சிட்டுன்னு மணி அடிக்கிறவரைக்கும் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். அவ தூங்குனாளா, கண்ண மட்டும் மூடியிருந்தாளான்னு தெரியல. பாத்துக்கிட்டே இருந்தேன், கண்டுபிடிக்க முடியல.

இன்னைக்குக் காலையில ஸ்ட்ரெச்சர்ல வச்சுத் தள்ளிட்டுப் போகும்போது கையெழுத்துப் போட வேண்டியிருக்குமேன்னு நெனச்சேன். நான் பேனாவ எடுத்துக்கிட்டுப் போனா, போன வாரமே எல்லாம் போட்டாச்சுங்காங்க. கணவர்ங்கிற எடத்துல என் பேரு மட்டும் எழுதி, அதுக்கு நேரா ஆவுடை கையெழுத்துப் போட்டிருக்கா. எவ்வளவு திமிரு. சட்டப்படி அது செல்லுமான்னு கேட்டேன். அந்த கிளார்க்கு நிமிந்துகூடப் பாக்கல. இந்த ஊருல ஒருத்தனுக்கும் மரியாத தெரியல. பல் டாக்டர்லருந்து இந்த ஆஸ்பத்திரி கிளார்க்கு வரைக்கும். காலையில அந்த ரெண்டு ரத்தக்காரனும் வந்தான், கையில இட்லிப் பொட்டலம். "அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?" எனக்கு வந்த கோவத்துல... வாங்கித் தின்னேன். அவன் முன்னால வேண்டாம்னா சங்கடப்படுவான்.

இருங்க, கதவு தொறக்குது.

செண்பகவல்லி அட்டெண்டரா? நான்தாம்மா. வீட்டுக்காரர். ... வணக்கம் டாக்டர். ... சரி. ... சரிங்க டாக்டர். ... அப்படியா. ... வியாழக்கிழமையா? அதுக்கு முன்னால தெரியாதா? ... சரி. ... ரொம்ப நன்றிங்க.

கேட்டீங்களா அண்ணாச்சி, நல்லபடியா முடிஞ்சிட்டாம். கட்டி பாக்கச் சாதுவாத்தான் இருக்காம். சோதனைக்கு அனுப்பியிருக்காங்க, வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியுமாம். முழிச்சிட்டாளாம். அந்த டாக்டரம்மா என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார்னுல்ல சொன்னாங்க"ங்கா. நான் கோவில்பட்டி, மதுரைக்கு வெளியூருதானம்மான்னேன். வேற என்ன சொல்ல?

என்னம்மா? ஒருத்தர் போயிப் பாக்கலாமா? இந்தா வந்துட்டேன். செருப்பக் கழட்டணுமா? ... என்னது? ... யாரையாம்? ... இல்லம்மா, நான் வீட்டுக்காரர்ம்மா. ... ஆவுடையவா கேக்கா? நல்லாக் கேட்டீங்களா? ... சரி.

ஏ ஆவுடை. ஆவுடை, எந்திரி. அக்கா முழிச்சிட்டா. நல்லா இருக்கா. ஒன்னையத்தான் கேக்காளாம். போ. என்னையப் பாக்காத, போ. நான் இங்கதான் இருக்கேன்.

போறா பாருங்க ஓட்டமும் நடையுமா.

மயக்கம் முழுசாத் தெளிஞ்சிருக்காது. யாரக் கூப்பிடுதோம்னு அவளுக்கு எங்க தெரியப் போகுது.

...

தெரிஞ்சுதான் கூப்பிட்டிருப்பா.

...

அண்ணாச்சி, நீங்க யாருக்காக உக்காந்திருக்கீங்க? முக்கா மணி நேரமாச்சு, நான் கேக்கவே இல்ல.

மகளா? என்ன வயசு? ... அடப்பாவமே. என்ன செய்யுது பிள்ளைக்கு?

ம்.

ம். சொல்லுங்க.